கடலைப் பார்த்து நடந்த வீடு

மேட்டுக்குப் பின்னால் கனடாக்காரர்கள் கட்டியிருந்த வீடு, கிறிஸ்துமஸ் அன்று காலை பதினொரு அடி கடலை நோக்கி நடந்தது. அன்றைய நிலநடுக்கத்தில் தெற்கே சாலை பிளந்தது, எங்கள் ஊர் அய்லின்கோவின் தேவாலய மணி தானாகவே அடித்துக்கொண்டது, எட்டுவீனா மன்சியா வீட்டில் ஆப்பிள் ஜாம் ஜாடிகள் ஒன்று பாக்கியில்லாமல் உடைந்தன. கனடாக்காரர்கள் வீட்டில் ஒரு கரண்டிகூடக் கீழே விழவில்லை. வீட்டைத் தாங்கிய பதினாறு மரக்கால்களும் இருந்த இடத்தில் பதினாறு குழிகள் மட்டும், பல் பிடுங்கிய ஈறு மாதிரி, மழைத் தண்ணீரோடு கிடந்தன. சிலே நாட்டைச் சேர்ந்த இந்தச் சிலோயே தீவில் வீடு இடம் மாறுவதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. இடம் பிடிக்கவில்லை என்றால் வீட்டையே கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகிறவர்கள் நாங்கள். மாடு பூட்டாமல் ஒரு வீடு போனது என்பதுதான் புதிது. அதையும் அந்த வாரமே பேசி முடித்துவிட்டு உருளைக்கிழங்கு வயலுக்குத் திரும்பிவிட்டோம்.

வீட்டுக்காரர் பெயர் வென்டெல் ஃப்ரீசன். முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில், எந்தக் கட்டடம் எப்போது எரியும், எது எப்போது இடியும் என்று கணக்குப் போட்டவர். மனைவி ஆர்லீன் சஸ்காச்சுவானில் கோதுமை வயல்களுக்கு நடுவே பிறந்து, அறுபத்தொரு வயது வரை கடலைப் படத்தில் மட்டும் பார்த்தவர். கல்யாணமான புதிதில் வென்டெல் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: வேலையை விட்டதும் கடல் சத்தம் கேட்கிற கட்டிலில் உன்னைத் தூங்க வைக்கிறேன் என்று. அதை நம்பித்தான் அந்த அம்மாள் முப்பத்தெட்டு குளிர்காலங்களில் பனியை வாரிக் கொட்டினார். ஓய்வு பெற்றதும் இருவரும் சிலே நாட்டுக் கடற்கரை முழுக்க, எங்கே குடியேறலாம் என்று மூன்று வருடம் அலைந்தார்கள். வென்டெல் கணினியில் ஓர் அட்டவணை போட்டிருந்தார். கடல் மட்டத்திலிருந்து உயரம், மண்ணின் உறுதி, ஆஸ்பத்திரி தூரம், ஓடித் தப்பிக்க எத்தனை நிமிடம் என்று முப்பத்தெட்டு கட்டங்கள். லா செரெனா தாழ்வு என்று தள்ளினார். பிச்சிலேமு மணல் என்று தள்ளினார். வல்டிவியாவில் அறுபதாம் வருடம் வந்த பெரிய நிலநடுக்கத்தையும் சுனாமியையும் பற்றிப் படித்துவிட்டு, பெட்டியைப் பிரிக்காமலே அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். கடல் சத்தத்துக்கும் ஒரு கட்டம் போடச் சொல்லி ஆர்லீன் கேட்டபோது போட்டார். நூற்றுக்கு அரை மதிப்பெண்.

அய்லின்கோவின் வளைகுடாவைப் பார்த்ததும் ஆர்லீன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "இதுக்கு மேல நான் எங்கயும் வரலை" என்று சொல்லிவிட்டார். தண்ணீர்மேல் கால் ஊன்றி நிற்கிற வீடுகளில் ஒன்று அப்போது விலைக்கு இருந்தது. வென்டெல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு நகராட்சியின் சுனாமி வரைபடத்தைப் பார்த்தார். அலை எட்டும் எல்லையைக் காட்டும் சிவப்புக் கோடு மேட்டின் பாதியில் ஓடியது. அவர் கோட்டைத் தாண்டி, மேட்டையும் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கி, கடலிலிருந்து அறுநூறு மீட்டர் தள்ளிக் கடல் தெரியாத, காதிலும் விழாத ஒரு சரிவில் வீட்டைக் கட்டினார். நல்ல வீடு, குறை சொல்ல முடியாது. மரப்பட்டைச் சுவர், விறகு அடுப்பு, இரண்டு சன்னல்கள் வேலியைப் பார்த்து. ஆர்லீன் சண்டை போடவில்லை. தினமும் மேடேறி இறங்கி, கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். அவருக்கு இதயம் பலவீனம் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. மேட்டின் உச்சியில் நின்று நின்று மூச்சு வாங்கியதைப் பார்த்து, இயற்கைக் காட்சியை ரசிக்கிறார் என்றுதான் நினைத்தோம்.

கிறிஸ்துமஸ் நிலநடுக்கத்துக்குப் பிறகு சின்னச் சின்ன அதிர்வுகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் வீடு ஓர் அடி எடுத்து வைத்தது. வழியில் இருந்த வேலிகளைத் தாண்டியபோது ஒரு முளைகூடச் சாயவில்லை. க்ளோடொமீரோ பர்ரியாவின் வயலில் ஒரு வரிசை உருளைக்கிழங்கு நசுங்கியது, அதற்கு ஆர்லீன் கேக் சுட்டு எடுத்துப்போய் மன்னிப்புக் கேட்டார். மார்ச் மாதம் வீடு மேட்டின் உச்சிக்கு வந்தது. சமையலறைச் சன்னலில் விரல் அகலத்துக்குக் கடல் தெரிந்தது. ஆர்லீன் நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டுக்கொண்டு, எட்டுவீனாவைக் கூப்பிட்டுக் காட்டினார். வென்டெல் அளவு நாடாவோடு வெளியே நின்றுகொண்டிருந்தார். சிவப்புக் கோட்டுக்கு இன்னும் நூற்றுப் பத்து அடிதான் இருந்தது. அந்த மனிதரின் முகத்தில் அன்று இருந்தது கஞ்சத்தனமோ பிடிவாதமோ இல்லை, பயம். நேசிக்கிறவனுக்கு வருகிற பயம்தான். அதனால்தான் அவரை எங்களால் முழுசாகத் திட்டவும் முடியவில்லை.

மறுநாள் அவர் மிங்கா கேட்டு வீடு வீடாக வந்தார். மிங்கா என்றால் ஊரே கூடி ஒருவர் வேலையைச் செய்து கொடுப்பது. கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. கேட்கிறவர் நேரில் வந்து வாசலில் நின்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. என் அப்பா தனக்கு ஆகாத பங்காளிக்கே மாடு பூட்டியிருக்கிறார். வென்டெல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மனப்பாடம் செய்த ஸ்பானிஷில் முறையாகக் கேட்டார். எட்டுவீனா மட்டும் அவரிடம், ஐயா என்கிற மரியாதையில் டோன் போட்டு, "டோன் வென்டெல், வீட்டம்மா என்ன சொல்றாங்க?" என்றாள்.

"அவளுக்காகத்தானே எல்லாம்" என்றார் அவர்.

எட்டுவீனாவுக்கு அது போதுமானதாக இருந்தது. எங்களுக்கும்தான். பத்து ஜோடி மாடுகளைப் பூட்டி, கால்களுக்கு அடியில் மரச்சறுக்குகளைக் கொடுத்து, வீட்டைப் பழைய குழிகளுக்கே இழுத்துக்கொண்டு போனோம். இழுக்கும்போது ஆர்லீன் உள்ளேயே, நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். சன்னல் கடலைப் பார்க்க, வீடு பின்பக்கமாக இறங்கியது. அவர் கையை ஆட்டினார். "பாருங்கடா, கனடாக்காரம்மா தேர்ல போற மாதிரி போறாங்க!" என்று க்ளோடொமீரோ கத்த, நாங்களும் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையாட்டினோம். அவர் எங்களுக்குக் கையாட்டவில்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அன்று நாற்பது பேருக்கு உருளைக்கிழங்கு துருவி, பிழிந்து, மில்காவோ அடை தட்டிப் போட்டவரும் அவர்தான். நாலு நாலாக வாங்கித் தின்றோம்.

அடுத்த நவம்பருக்குள் வீடு மறுபடி மேடேறி, இந்தப் பக்கச் சரிவில் பாதி தூரம் இறங்கிவிட்டது. காற்று அடிக்கும் நாட்களில் சத்தம் கேட்கிறது என்று ஆர்லீன் எல்லோரிடமும் சொன்னார். மறுபடி மிங்கா, மறுபடி இழுத்தோம். அதற்கடுத்த கோடையில், ஜனவரியில், ஒரு பெரிய அதிர்வில் வீடு ஒரே மூச்சில் அறுநூறு மீட்டரும் நடந்து வந்து, கரையோரச் சாலையைத் தாண்டி, தண்ணீர் தொடும் தூரத்தில் நின்றது. அன்று கடல் ஏறி வந்தபோது அலை வீட்டின் முன்கால்களை நனைத்தது. ஆர்லீன் மத்தியானமே படுத்து, மறுநாள் விடிந்த பிறகுதான் எழுந்தாராம். டாக்டர் கொடுத்த மாத்திரையால்கூட அப்படித் தூங்கியதில்லை என்று வென்டெலே பின்னால் சொன்னார். அன்று காலை ஆர்லீன் கணவனிடம் கேட்டது சாலையில் போன, கப்பல் வேலையில் ஆங்கிலம் பழகிய க்ளோடொமீரோவின் காதில் விழுந்தது.

"ஒரு மாசம் விட்டுடு வென்டெல். ஒரே ஒரு மாசம்."

"இன்னொரு அதிர்வு வரும்னு ரேடியோல சொல்றான் ஆர்லீன். உனக்கு ஓட முடியாது. உன்னைத் தூக்கிட்டு என்னாலயும் ஓட முடியாது."

"ஓடணும்னு நான் எப்பச் சொன்னேன்?"

வென்டெல் தொப்பியை எடுத்துக்கொண்டு எங்கள் வாசல்களுக்கு வந்தார். க்ளோடொமீரோவும் கேட்டதை யாரிடமும் சொல்லாமல் தன் மாடுகளைக் கொண்டுவந்தான். புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று நினைத்தானாம். மேட்டு ஏற்றத்தில் பன்னிரண்டு ஜோடி மாடுகள் நுரை தள்ளின. வீடு ஒவ்வோர் அடிக்கும் முனகியது. ஆர்லீன் இந்தத் தடவை கையாட்டவில்லை. மில்காவோ எப்போதும்போல் நன்றாக இருந்தது.

மே மாதம் அவர் படுக்கையில் விழுந்தார். எட்டுவீனா தினமும் போய் அடுப்பு மூட்டி, மாத்தே தேநீர் கலந்து கொடுத்துவிட்டு வருவாள். ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "அன்னிக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க மாட்டை அவுத்து விட்டிருப்போமே, டோன்யா ஆர்லீன்" என்று கேட்டுவிட்டாள்.

"நீங்க வருவீங்கன்னு விடியறதுக்கு முன்னாடியே துருவ ஆரம்பிச்சுட்டேன், எட்டுவீனா" என்றார் ஆர்லீன். "மூணு தடவையும் துருவிக்கிட்டே, யாராச்சும் கேப்பாங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

எட்டுவீனா அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. நாற்பது பேர், இருபத்து நாலு மாடு. இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அந்த அம்மாளிடம் நேராகக் கேட்கத் தோன்றவில்லை. வாசலில் வந்து நின்றவரிடம் சரி என்று சொல்லத் தெரிந்த எங்களுக்கு, உள்ளே உட்கார்ந்திருந்தவர் நினைவுக்கே வரவில்லை. ஜூன் இரண்டாம் வாரம், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், வேலியைப் பார்த்த சன்னலுக்குப் பக்கத்தில் ஆர்லீன் இறந்துபோனார். எங்கள் கல்லறைத் தோட்டம் கரையை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கே புதைத்தோம். கடல் ஏறும்போது அலை மதிலைத் தொடும். வென்டெல் அன்று மழையில் நின்றபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக இந்த ஊரில் இருந்தவர், அதை அன்றுதான் காது கொடுத்துக் கேட்டார் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த முதல் அதிர்வில் வீடு நகரவில்லை. வென்டெல் நாடாவை வைத்து அளந்தார். நூலளவுகூட இல்லை. இரண்டாவதுக்கும் இல்லை, மூன்றாவதுக்கும் இல்லை. வீட்டுக்குள் அதிர்வே தெரியவில்லை. வெளியே மரங்கள் பேயாட்டம் ஆடின, உள்ளே விளக்கின் நிழல்கூட அசையவில்லை. செப்டம்பரில் வசந்தம் பிறந்ததும் அவர் மறுபடி தொப்பியோடு வந்தார், இந்தத் தடவை வீட்டைக் கடலுக்கு இழுத்துத் தரச் சொல்லி. பதினாலு ஜோடி மாடுகளைக் கொண்டுபோனோம். முதல் கயிறு அறுந்தது, இரண்டாவது கயிறும் அறுந்தது. என் சிவலைக் காளை முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டது. மதியம் மூன்று மணிக்கு க்ளோடொமீரோ மாடோட்டும் கோலைக் கீழே போட்டான்.

"டோன் வென்டெல், நாங்க நாளைக்கும் வருவோம், நாளன்னிக்கும் வருவோம். ஆனா இது வராதுங்க."

மிங்கா என்றால் சாப்பாடு போட்டாக வேண்டும். வென்டெல் தானே உருளைக்கிழங்கு துருவி மில்காவோ சுட்டிருந்தார். வெளியே கருகி, உள்ளே பச்சையாக இருந்தது. அத்தனை பேரும் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தோம்.

இப்போது இந்தக் கரையில் அதைவிடப் பத்திரமான வீடு கிடையாது. நகராட்சிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, ஓடிவந்து கூடும் இடம் என்று வாசலில் பச்சைப் பலகை அடித்துவிட்டார்கள். சுனாமி எச்சரிக்கைச் சங்கு ஊதினால் ஊரே போர்வையும் குழந்தைகளுமாக மேடேறி அங்கே போய்ச் சேர்ந்துவிடும். வெளிநாட்டுக்காரர்கள் இன்னமும் குடியேற இடம் தேடி வருகிறார்கள். யோசனை கேட்க அவரிடம்தான் அனுப்புகிறோம். போன வருடம் ஒரு ஜெர்மன் தம்பதி வந்தார்கள். "அம்மா, உங்களுக்கு எங்க இருக்கணும்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாராம் வென்டெல். புருஷன் பதில் சொல்ல ஆரம்பித்ததும், "உங்களைக் கேக்கலை" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் வாய் திறக்கும்வரை காத்திருந்தாராம்.

சங்கு ஊதும் நாட்களில் அவர் கதவருகே நின்றுகொண்டு, உள்ளே வருகிறவர்களுக்கு வழி விடுவார். எல்லோரும் உட்கார்ந்த பிறகு, "யாருக்காச்சும் ஏதாவது அசையற மாதிரி இருக்கா?" என்று கேட்பார். ஒருமுறை க்ளோடொமீரோ மனசு கேட்காமல், "கொஞ்சம் அசைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு, டோன் வென்டெல்" என்று சொல்லிவிட்டான். எழுபத்து மூன்று வயது மனிதர் அடுத்த நொடி மழையில் இறங்கி, சேற்றில் மண்டியிட்டு, பதினாறு கால்களையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். நாங்கள் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டோம். அவர் கேட்பார். அசையலைங்க என்று எட்டுவீனா எங்கள் எல்லோருக்குமாகச் சொல்வாள். தலையை ஆட்டிக்கொண்டு, குழந்தைகளுக்குப் பால் காய்ச்சப் போவார்.