பதினேழாவது படம்

முப்பது வருஷம் ஒரே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவர் அவர். தெருவில் எல்லாருக்கும் எக்ஸ்ரேக்காரர். நமக்கும் அப்படியே இருக்கட்டும். மகளோடு அவள் இருக்கிற ஊருக்குப் போக விமான நிலைய வரிசையில் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையில் ஒரு ஃபிலிம் சுருள்.

"மறந்துடாதீங்கப்பா. ஸ்கேனர் பெல்ட்ல போடக் கூடாது. கையால பாக்கச் சொல்லிக் கேக்கணும்."

"எனக்கே எக்ஸ்ரே பாடம் நடத்துறியா?"

"உங்களுக்குத் தெரியாதுன்னா சொன்னேன்? கூச்சப்பட்டு வாயத் திறக்காம நின்னுடுவீங்க. அதுக்குத்தான் சொல்றேன்."

அதில் பொய் இல்லை. விருந்துக்குப் போன வீட்டில் தண்ணீர் கேட்கக்கூட யோசிக்கிற மனுஷன் அவர்.

சுருள் அவர் மனைவியுடையது. ஊரே போனில் படம் எடுத்துத் தள்ளும்போது, பழைய கேமராவில் ஃபிலிம் போட்டுத்தான் எடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தவள். வீட்டுக்குள் ஃப்ளாஷ் போடுவது அவளுக்குப் பிடிக்காது. மங்கின வெளிச்சத்திலும் படம் விழுகிற அதிவேக ஃபிலிமாகத் தேடி வாங்குவாள். அந்த ரகம்தான் கதிர் பட்டால் முதலில் கெடும். இப்போது வந்திருக்கிற புது ஸ்கேனருக்குள் ஒரே தடவை போய்விட்டு வந்தால் போதும், படத்தின் மேல் சாம்பல் மூட்டம் படிந்துவிடும். அவள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. போன வாரம் அலமாரியை ஒழித்தபோது மகள் ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றிவிட்டுத்தான் கேமராவைத் திறந்து சுருளை எடுத்தாள். மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இன்னமும் ஃபிலிம் கழுவுகிற கடை ஒன்று இருக்கிறதாம்.

முப்பத்தாறு படத்தில் பதினேழாவது ஒன்றுதான் எக்ஸ்ரேக்காரர் எடுத்தது. எல்லாரையும் எடுத்து எடுத்தே அவள் எந்தப் படத்திலும் இல்லாமல் போயிருந்தாள். ஒருநாள் சமையலறை ஜன்னலோரம் நின்று, "என்னையும் ஒண்ணு எடுங்களேன்" என்று கேமராவை நீட்டினாள். கேமராவின் எண் பதினேழு காட்டியது. அவள் சிரித்தாள். அவர் அமுக்கினார்.

அதற்கு ஆறு நாள் முன்னால் இன்னொரு படம் எடுத்திருந்தார். ஆஸ்பத்திரியில், அவளுக்கே. விடாத இருமல், அதனால் நெஞ்சுப் படம். திரையில் வலது நுரையீரல் மேல் எலுமிச்சை அளவுக்கு ஒரு வெள்ளை. அது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தகட்டின் முன்னால் நின்றபடியே அவள் கேட்டாள்: "எப்படி விழுந்திருக்கேன்?"

"நல்லா விழுந்திருக்கே."

படம் எடுப்பவன் முடிவைச் சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பது அந்தத் தொழிலின் கட்டுப்பாடு. டாக்டர் பத்து நாள் விடுமுறை. வேறு டாக்டரே இல்லையா என்றால், இருந்தார்கள். கட்டுப்பாட்டைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஒளிந்துகொண்டார், அவ்வளவுதான். அந்தப் பத்து நாளும் வீட்டில் சிரிப்பும் பேச்சுமாகத்தான் போனது. பத்து நாளில் எதுவும் மாறியிருக்காது என்று பிற்பாடு டாக்டரே சொன்னார். சொல்லி என்ன பிரயோஜனம்?

பேய் பிசாசை நம்புகிறவர் இல்லை அவர். ஆனாலும் எந்த இயந்திரம் முனகினாலும் அவள் கேட்கிறாள். ஃப்ரிட்ஜ் முனகினால் கேட்கிறாள். லிஃப்டில் போனால் தோளுக்குப் பின்னால் நின்று கேட்கிறாள். எப்படி விழுந்திருக்கேன்? சில நாள் வாய்விட்டுப் பதிலும் சொல்லிவிடுவார். அதே பொய்யை.

வரிசை நகர்ந்தது. மகள் சோதனை வாசலைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டாள். ஸ்கேனர் முனகிக்கொண்டிருந்தது. காதோரம் மனைவி கேட்டாள்: எப்படி விழுந்திருக்கேன்?

"பாக்கெட்ல என்ன சார்?" என்றாள் காவல்காரி.

"ஃபிலிம்."

"அட, ஃபிலிமா! பாத்து எத்தனை வருஷமாச்சு! குடுங்க, கையாலயே பாத்துடறேன். உள்ள போனா கெட்டுடும்பாங்களே."

கேட்காமலே வரம் கிடைத்தது. அவர் கை நீளவில்லை.

"பரவால்லம்மா," என்றார். "போட்டுடுங்க."

அவரே தட்டில் வைத்தார். ரப்பர் திரை விலகி மூடியது. உள்ளே எத்தனை விநாடி என்று பழக்கதோஷத்தில் எண்ணினார். ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காகத் தன்னையே வெறுத்தார்.

மறுபக்கம் தட்டு வெளியே வந்தபோது மகள் பார்த்துவிட்டாள்.

"அப்பா! என்ன பண்ணிட்டீங்க? கையாலயே பாக்கறேன்னு அவங்களே கேட்டாங்களே, நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்!"

"என்னால அந்த முகத்தப் பாக்க முடியாதும்மா."

"எந்த முகத்த?"

பையும் பெல்ட்டும் செருப்புமாக ஜனங்கள் இடித்துக்கொண்டு போகிற அந்த இடத்தில் நின்று, ஒன்றரை வருஷமாக ஒருத்தரிடமும் சொல்லாததைச் சொன்னார். வெள்ளையைப் பார்த்தது, வாயை மூடிக்கொண்டது, ஆறாம் நாள் அவளைச் சிரிக்கவிட்டுப் படம் எடுத்தது. "ஒண்ணும் தெரியாம சிரிச்சாம்மா அவ. நான் ஏமாத்தி எடுத்த படம் அது."

மகளின் முகத்திலிருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அம்மாக்குத் தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"எல்லாம். எக்ஸ்ரே எடுத்த அன்னிக்கு சாயங்காலமே எனக்கு போன் பண்ணிட்டாங்க. படம் எடுத்ததும் 'மூச்ச விடலாம்'னு சொல்வீங்களாமே? அன்னிக்கு நீங்க சொல்லவே இல்லையாம். மூச்சப் புடிச்சுக்கிட்டே நின்னுருக்காங்க. முப்பது வருஷத்துல மறக்காத மனுஷன் மறந்துட்டார்னா அங்க என்னமோ இருக்கு, அவரால சொல்ல முடியல, அவரா சொல்றவரைக்கும் கேக்காதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க."

எக்ஸ்ரேக்காரர் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அப்போ அந்தப் படம்..."

"தெரிஞ்சுதான் நின்னுருக்காங்க. உங்களுக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்னு அவங்களேதான் கேட்டு எடுக்கச் சொன்னாங்க. என்கிட்ட சொன்னாங்கப்பா."

பின்னால் தட்டுகள் முட்டிக்கொண்டு நின்றன. யாரோ சலித்துக்கொண்டார். அவர் சுருளை எடுத்துக்கொண்டு, வந்த வழியே எதிர்த்து நடந்து காவல்காரியிடம் போனார். ஒருமுறை பட்டுவிட்ட கதிரைத் திரும்ப வாங்க முடியாது என்று அவரைவிடத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. இரண்டு கையாலும் சுருளை நீட்டினார்.

"அம்மா, இத இப்ப கையால பாத்துடறீங்களா?" என்று கெஞ்சினார்.