எண்ணூர் மீனவர் பேசுகிறார்

யசோதரா வியாசர்பாடிக்காரி. ராயபுரத்தில் ஒரு யூடியூப் செய்திச் சேனலுக்குச் செய்தி எழுதிக் கொடுப்பது அவள் வேலை. எண்ணூர் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து டென்னிஸ் என்ற மீனவர் இறந்த வாரம், சேனல் நடத்தும் ஜெபின் அவரை ஏஐ மூலம் பேச வைத்தான். படமும் பழைய வீடியோவிலிருந்த குரலும் போதுமானதாக இருந்தன. வசனம் யசோதராவுடையது. "அம்மா, நான் நலமாக இருக்கிறேன், அழாதீர்கள்." தலைப்பில் ஜெபின், 'இறந்த மீனவர் திரும்பி வந்து பேசினார்' என்று போட்டான். ஒரே நாளில் நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் மதியம் டென்னிஸின் தாய் சிலுவையம்மாள் அலுவலகத்துக்கு வந்து, போனில் அந்த வீடியோவைக் காட்டினார். ஜெபின் இல்லை.

"இத்த எய்தினது யாரு?"

"நான்தாம்மா."

"எம்புள்ள அழாதீங்கன்னுலாம் பேச மாட்டான். இன்னாம்மா, துன்னியான்னுதான் கேப்பான். கொரலு அவனுதுதான். உள்ள யாரு கீறது?"

வேலை போகும் என்று தெரிந்தே யசோதரா வீடியோவை அழித்தாள். ஆனால் தேடிப் பார்த்தபோது அது கடல் தாண்டிப் போயிருந்தது. ஒரு ஜப்பானியச் சேனலில் மென்மையான இசைக்கு நடுவே, அடியில் ஆங்கில வரிகள் ஓட, டென்னிஸ் ஜப்பானிய மொழியில் பேசினார். ஓர் அமெரிக்கச் சேனலில் சிவப்பு எழுத்துகளுக்குக் கீழே ஆங்கிலம் பேசினார். ஓர் இந்திச் சேனலில், ஆவிதான் இயந்திரத்துக்குள் புகுந்துவிட்டது என்று ஒரு சாமியார் விளக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் டென்னிஸின் வாய் சரியாக அசைந்தது.

"அவங்கோ இன்னா சொல்றாங்கோ?"

"ஜப்பான்ல, துக்கத்துல கூட இருக்கிற மிஷினுன்னு சொல்றாங்க. அமெரிக்கால, இத்தப் பாத்து பயப்படணுங்கறாங்க. இந்தில, பேயின்னு."

சிலுவையம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்புள்ள பேர சொன்னாங்களா?"

யசோதரா ஒவ்வொன்றையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். எதிலும் இல்லை.

அன்று மாலைவரை மூன்று சேனல்களுக்கும் எழுதினாள். அவர் பெயர் டென்னிஸ், அவருடைய தாய் கேட்கிறார், எடுத்துவிடுங்கள் என்று. திரும்பி வந்த ஜெபின் அவளை வேலையைவிட்டு நிறுத்தினான். அமெரிக்கச் சேனலிலிருந்து மட்டும் பதில் வந்தது. தாயார் பேட்டி தருவாரா என்று கேட்டிருந்தார்கள்.

அடுத்த மாதம் திருவொற்றியூர் பஸ்ஸில், பின் சீட்டில் யாரோ வைத்திருந்த போனில் டென்னிஸின் குரல் கேட்டது. எந்த மொழி என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்டவர்கள் சிரித்தார்கள். யசோதரா மூன்று நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள்.