நாலாம் பதிப்பின் பின்னிணைப்பு

எதிர்த்தரப்பு வக்கீல் பையிலிருந்து எடுத்து வைத்த தடிப் புத்தகத்தைப் பார்த்ததும் வக்கீலம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீல அட்டை, தங்க எழுத்து, பின்பக்கத்தில் மூக்குக்கண்ணாடியோடு சிரிக்கும் ஒரு முகம். காலையில் அதே முகம்தான் கார் சாவியைக் காணோம் என்று வீட்டையே தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தது.

“சர்வதேசச் சட்டத்துல இதுக்கு மேல ஒரு புத்தகம் கிடையாதுங்க ஐயா” என்றார் அந்த வக்கீல், நீதிபதியிடம். “பின்னிணைப்பு அட்டவணையைப் பாருங்க. குழந்தையோட அம்மா நாட்டுக்கு நேரா ‘நம் அரசு ஏற்கவில்லை’ன்னு இருக்கு. அப்புறம் எந்த உடன்படிக்கையை வெச்சுக் குழந்தையைத் திருப்பிக் கேக்கறாங்க?”

விஷயம் இதுதான். விடுமுறைக்கு என்று சொல்லி மகளை இங்கே கூட்டிவந்த தகப்பன் திரும்பிப் போகவே இல்லை. எட்டு மாதமாகத் தாயின் கண்ணில் குழந்தையைக் காட்டவும் இல்லை. இப்படிக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப நாடுகளுக்குள் ஓர் உடன்படிக்கை உண்டு. ஆனால் அதில் பிற்பாடு சேர்ந்த நாட்டைப் பழைய உறுப்பு நாடு ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏற்க வேண்டும். ஏற்காதவரை அந்த இரண்டு நாடுகளுக்கிடையே அது வெறும் காகிதம். தாயின் நாடு பிற்பாடு சேர்ந்தது.

நீதிபதி அட்டவணையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “என்னம்மா சொல்றீங்க?”

“ஏத்துக்கிட்டாச்சுங்க ஐயா. ஆதாரத்தோட வர்றேன்.”

“நாளை மறுநாள் வாங்க. அன்னைக்குத் தீர்ப்பு சொல்லிடுவேன்.”

வெளியே தாழ்வாரத்தில் குழந்தையின் தாய், அந்தப் பெண், மடியில் ஒரு அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். வழக்கு நடக்கிற ஒவ்வொரு நாளும் அந்தப் பெட்டி கூடவே வரும். உள்ளே சிவப்பு நிற ஷூ.

“இங்க கிளம்பறதுக்கு முன்னாடி அடம் பிடிச்சுக் கேட்டா மேடம். அளவு எனக்கு மனப்பாடம்” என்றாள். பிறகு, “அந்தப் புத்தகத்துல இருக்கறது நெஜமா?” என்று கேட்டாள்.

“புத்தகத்துல இருக்குது. அது நெஜமான்னு அதை எழுதினவரையே கேட்டுட்டு வர்றேன்.”

சாயங்காலம் வீட்டில் அவள் கணவரான பேராசிரியர் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள்களைப் பரப்பியிருந்தார். அவள் அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு நீலப் புத்தகத்தை எதிரே வைத்தாள்.

“இந்த அட்டவணையை எங்கேர்ந்து எடுத்தீங்க?”

“போன பதிப்புலேர்ந்து.”

“போன பதிப்புக்கு?”

“அதுக்கு முந்தின பதிப்புலேர்ந்து.” அவருக்குச் சுருக்கென்றது. “இது நாலாம் பதிப்பு, தெரியுமில்ல?”

“அட்டைதான் நாலாம் பதிப்பு.”

புத்தகம் எழுதுகிறவர்களுக்கு முன்னுரையில் இருக்கிற அக்கறை பின்னிணைப்பில் இருப்பதில்லை. மனைவிக்கு நன்றி சொல்ல அரைப்பக்கம் கிடைக்கும், ஒரு வரியைச் சரிபார்க்க நேரம் கிடைக்காது. அவள் மடிக்கணினியைத் திறந்தாள். உடன்படிக்கையின் மூலப்பிரதியைக் காத்துவைத்து, யார் சேர்ந்தார்கள், யார் யாரை ஏற்றார்கள் என்று பதிவு செய்வது ஒரு வெளிநாட்டு அரசின் பொறுப்பு. அந்தப் பதிவுப் பக்கத்தில் தாயின் நாட்டைத் தேடிப் பிடித்தாள். நம் அரசு ஏற்ற தேதியும், உடன்படிக்கை அமலுக்கு வந்த தேதியும் பளிச்சென்று இருந்தன. தகப்பன் விமானம் ஏறுவதற்கு ஒரு வருடம் முன்பே எல்லாம் முடிந்திருந்தது.

பேராசிரியர் எட்டிப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. “பத்து வருஷமா இதைத்தான் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன்” என்றார்.

“எதை, அட்டவணையையா?”

“மூலத்தைப் பாருங்கன்னு.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஆனால் ஒரு குழந்தை அந்த வரியில் மாட்டிக்கொண்டிருந்ததால் பாவம் ரொம்ப நேரம் நிற்கவில்லை.

இணையப் பக்கத்தின் நகலை மட்டும் நீட்டினால் எதிராளி ஊதித் தள்ளிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் காலை நூலகத்தில் அரசிதழ்க் கட்டுகளைப் பிரித்து, ஏற்பு அறிவிக்கை வெளியான இதழைக் கண்டுபிடித்தாள். அங்கிருந்து நேரே வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பந்தப் பிரிவுக்குப் போனாள். ஏற்புப் பத்திரத்தின் நகலில் அதிகாரி முத்திரை குத்திக் கையெழுத்துப் போடும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அதற்கடுத்த நாள் மூன்றையும் நீதிபதியிடம் கொடுத்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் விடுவதாக இல்லை.

“அவ்வளவு பெரிய பேராசிரியர் எழுதினதையே இந்தம்மா மறுக்கறாங்க ஐயா.”

“வீட்ல தினமும் மறுக்கறதுதாங்க ஐயா. அவர் என் வீட்டுக்காரர்” என்றாள் அவள். பின்வரிசை வரை சிரிப்பு ஓடி அடங்கியது. “இங்க அதுக்குக்கூட அவசியமில்லை. புத்தகத்தை எழுதினது அவர். உடன்படிக்கையை ஏத்துக்கிட்டது அரசாங்கம். அரசாங்கம் என்ன செஞ்சதுன்னு அரசாங்கத்தோட பத்திரத்துலதான் பார்க்கணும்.”

நீதிபதி நீலப் புத்தகத்தை மூடி, அதைக் கொடுத்தவர் பக்கமே நகர்த்தினார். உடன்படிக்கை செல்லும், குழந்தை தாயோடு திரும்பிப் போகலாம் என்று உத்தரவானது.

மதியம் பக்கத்து அறைக்குக் குழந்தையை அழைத்து வந்தார்கள். ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டவளை அந்தப் பெண் வெகுநேரம் விடவில்லை. பிறகு தரையில் மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்தாள். சிவப்பு ஷூவைப் பார்த்ததும் குழந்தை காலை நீட்டியது. விரல்கள் நுழைந்தன. குதிகால் வெளியே நின்றுவிட்டது. அழுத்திப் பார்த்தாள், நுழையவில்லை.

“பத்தலைம்மா” என்றது குழந்தை. “நான் வளந்துட்டேன்.”

  எட்டு மாதத்தைத் திருப்பித் தரச் சொல்லி எந்த நீதிமன்றத்தில் கேட்பது என்று, மூன்று நாளாக ஒரு இடத்திலும் தடுமாறாத வக்கீலம்மாவுக்குத் தெரியவில்லை.

தாய் ஷூவைக் கீழே வைத்தாள். குழந்தையின் பாதத்துக்கு அடியில் தன் உள்ளங்கையை விரித்தாள்.

“கொஞ்சம் ஆடாம நில்லு கண்ணு” என்றாள். “அம்மா புதுசா அளவெடுத்துக்கறேன்.”