மரவாசலுக்கு வெளியே

எழுந்ததும் தண்ணீர் வைத்தேன். பால் புட்டியைக் கொதிநீரில் போட்டு எடுத்தேன். எரிக்கிற குப்பையை எடுக்க வரும் நாள். மூட்டையைத் தெருமுனையில் வைத்துவிட்டு வந்தேன். முதல் கிண்ணம் சோற்றை மனைவி மிஹோகோவின் படத்துக்கு முன் வைத்தேன். மிச்சத்தை நின்றபடியே சாப்பிட்டேன். குழந்தைக்கு வெள்ளைச் சட்டை போட்டேன். பையில் பாலையும், மிஹோகோ வயிற்றில் கட்டியிருந்த துணியையும் வைத்தேன்.

துணி கோயிலில் தந்தது, சுகப்பிரசவத்துக்காக. ஐந்தாம் மாதம் இருவருமாகப் போய் வாங்கினோம். பிள்ளை பிறந்ததும் கொண்டுபோய்க் காட்டி, துணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிள்ளை வந்தது. மிஹோகோ வரவில்லை.

"இப்பவே போகணுமா அண்ணி?"

"வேண்டினது நடந்துச்சுல்ல தம்பி? பிள்ளை முழுசா வந்துச்சுல்ல?" என்றார் அண்ணி யசுயோ. சொல்லிவிட்டுக் கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோயிலின் மரவாசலுக்கு முன்னால் கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

"நீ இங்கயே நில்லு. சாவு வீட்டுக்காரன் ஐம்பது நாளைக்கு இதைத் தாண்டக் கூடாது."

"என் பொண்ணும் சாவு வீட்டுக்காரிதானே?"

"ஏழு வயசு வரைக்கும் பிள்ளைங்க சாமியோட ஆளுங்க. நான் வேற வீட்டுலேருந்து வந்தவ. தீட்டு உனக்குத்தான். காலேஜ்ல சொல்லித் தரலையாக்கும்?"

துணியை எடுத்துக்கொண்டு குழந்தையோடு உள்ளே போனார். சாமி மரம் என்று வைக்கோல் கயிறு சுற்றிய பழைய தேவதாரு வாசலுக்கு நேரே தெரிந்தது. குழந்தைக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன் என்று மிஹோகோ சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணி அதைப் பார்க்காமலே கடந்து போனார்.

முரசு கேட்டது. உடனே குழந்தையின் அழுகை. பசி அழுகை. பையைத் தொட்டேன். பால் என்னிடமே இருந்தது.

அண்ணிக்குப் போன் போட்டேன். அவருடைய செல்போன் என் பைக்குள் அதிர்ந்தது.

வாசலுக்கு உட்பக்கம் ஒருவர் சருகு கூட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, இந்தப் புட்டியை உள்ள குடுத்துடுவீங்களா? என் பிள்ளைதான் அழுவுது."

"மந்திரம் ஓதுறாங்களே. நடுவுல யாரும் போகக் கூடாது. நீங்க ஏன் உள்ள வரல?" என்று கேட்டவர் துக்கத்துக்காக நான் கட்டியிருந்த கறுப்பு டையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "முடிஞ்சதும் வந்துடுவாங்க. அழுதா நுரையீரலுக்கு நல்லதுன்னு சொல்லுவாங்க."

நான் எதையும் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் கால் எழவில்லை. கோயிலில் திரியும் மான் ஒன்று வாசல் வழியாக வெளியே வந்து, பையை முகர்ந்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போனது. புட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். அப்படியும் சூடு ஆறிக்கொண்டே வந்தது.

அழுகை சட்டென்று நின்றது. ஏன் நின்றது என்று தெரியவில்லை. மந்திரம் மட்டும் கேட்டது.

மருத்துவமனையிலும் கதவுக்கு வெளியேதான் நின்றேன். அன்றும் உள்ளே ஒரு அழுகை கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கதவு மூடுவதற்கு முன் மிஹோகோ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"ரியோஹெய், நீ இங்கயே இரு, கூப்பிடுவாங்க. அதுக்குள்ள ஏதாவது சாப்பிட்டுடு."