பொடியின் பக்குவம்

வடிகட்டி இயந்திரத்தின் ஓரமாகக் குந்தியபடி செங்கம்மாளும் சந்திரம்மாவும் ஆய்வறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே, ஐஸ் தட்டில் ஒரு கிண்ணம் எண்ணெய் உறைந்துகொண்டிருந்தது.

கருங்குழியை அடுத்த அந்த வனஸ்பதி ஆலை கோடையிலிருந்தே பாதி மூடிக் கிடந்தது. நிக்கல் பொடி கலந்து ஹைட்ரஜன் வாயுவை ஏற்றினால் எண்ணெய் நெய்போல உறைய வேண்டும். இங்கே மெழுகாக இறுகியது. வாயில் ஒட்டுகிறது என்று கடைக்காரர்கள் டின்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எண்ணெயை வடித்தபின் வடிகட்டியில் தங்கும் பொடியை, மறுபடி பயன்படுத்துவதற்காக வழித்தெடுக்கும் பெண்களுக்கு வேலை நின்றது. செங்கம்மாள் களையெடுக்கப் போனாள். மழை ஏமாற்றியதும் அதுவும் இல்லை. இன்று சோதனை ஓட்டத்துக்காக இரண்டு பேரை மட்டும் கூப்பிட்டிருந்தார்கள்.

கெமிஸ்ட் பார்த்தசாரதி மாதக்கணக்காகப் புதுப் பொடி செய்து பார்த்துக்கொண்டிருந்தார். நிக்கலோடு கொஞ்சம் செம்பு. செம்பு கூடினால் எண்ணெய் உறையவே இல்லை; குறைந்தால் பழைய மெழுகுதான்.

கதவு திறந்தது. கிண்ணத்தோடு அவரே வெளியே வந்தார்.

"தொட்டுப் பாரும்மா."

செங்கம்மாள் விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. வெள்ளையாக, மணல் மணலாக இருந்தது. நாக்கில் வைத்ததும் கரைந்தது.

"நெய்யாட்டம் கீது சார்!"

"பழைய பொடிக்கு எங்க நிக்கணும்னு தெரியாது, இறுக்கிக்கிட்டே போகும். இது பாதியில நின்னுடுது." அவர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ எங்கள மறுபடி கூப்புடுவீங்களா?"

"நாளைக்கே எல்லாரையும் வரச் சொல்லு."

அன்று கேன்டீனில் புது வனஸ்பதியில் பூரி சுட்டார்கள். சந்திரம்மா வாய் நிறையச் சிரித்தாள். "நான் வூட்லயே கீறதப் பாத்து எங்க வூட்டுக்காரு பேஜாராயிட்டாரு. இன்னிக்கித்தான் மனுசன் நிம்மதியா தூங்குவாரு."

மறுநாள் காலை எல்லாப் பெண்களும் வந்துவிட்டார்கள். வடிகட்டியின் சட்டங்களைத் திறந்தபோது, துணியில் கறுப்புக் களிபோல் பொடி அப்பியிருந்தது. செங்கம்மாள் முந்தானையைக் கிழித்து விரல்களில் சுற்றினாள். வேலை இல்லாத நாட்களில்தான் அவள் கைவெடிப்புகள் ஆறியிருந்தன.

"துணிய அவுரு," என்றார் மேஸ்திரி கங்காதரன். "அதுல ஒட்டிக்கினு வீணாப் பூடும். வெல ஜாஸ்தி பொடி இது. வெறுங்கையால வழி. கையக்கூட இந்தத் தொட்டியிலதான் கழுவணும், தெரிதா?"

"சரிங்க அண்ணாத்த. வேல வந்துச்சே, அது போதும்."

அவள் துணியை அவிழ்த்தாள். பெண்கள் பேசிச் சிரித்தபடி உச்சிவேளைவரை வழித்தார்கள். பிறகு வரிசையாக நின்று, சவுக்காரம் கலந்த வெந்நீரில் கை கழுவினார்கள். கங்காதரன் ஒவ்வொருத்தி நகக்கண்ணிலும் கறுப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மறுபடி தேய்க்கச் சொன்னார்.

கறுப்பு மெல்லத் தொட்டியின் அடியில் இறங்கியது. அவர் தன் கையாலேயே மூடியைப் பொருத்தி, ஒரு சொட்டும் சிந்தாமல் ஆய்வறைக்குத் தூக்கிப்போகச் சொன்னார். செங்கம்மாள் சிவந்து தடித்து அரித்த விரலிடுக்குகளைச் செங்கல் சுவரில் தேய்த்தபடி, தொட்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.