மே பதினான்குக்கு விதைத்தவை

வரதராசா நாளைத் தவறாகக் கணக்கிட்டுவிட்டார். மனைவி இந்திராதேவி இறந்தது போன வருடம் மே பதினான்கு. மரணப் பத்திரத்தில் அப்படித்தான் இருந்தது. முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு அவளுடைய பூவையே வைக்க வேண்டும். அவள் எடுத்துவைத்திருந்த செவ்வந்தி விதைகளை, அந்தத் தேதிக்குப் பூக்கும்படி, மாசியில் ஜன்னலோரச் சட்டிகளில் போட்டார்.

சித்திரையில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், கோயில் ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

"தேதி இல்லை, திதிதான் கணக்கு. இந்த முறை மே நாலிலை வருது."

பத்து நாள் முந்திவிட்டது. இதையெல்லாம் பார்த்துச் சொல்பவள் அவள்தான்.

மொட்டுகள் பச்சையாக இறுகி நின்றன. வெயில் பட்டால் விரியும் என்று, ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்துப் பொதுத் தோட்டத்தில் அவளுடைய பாத்திக்குக் கொண்டுபோனார். வெங்காயத்துக்கும் கீரைக்கும் நடுவே பதினொரு செடிகளையும் நட்டார்.

அடுத்த பாத்தி மர்கரீத்துடையது. புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"இப்பவேவா, முசியே? உறைபனியக் கொண்டு வர்ற பனிப் புனிதருங்க மூணு பேரு, அவங்க திருநாளு முடிஞ்சு மே பாதியிலதான் போவாங்க. அதுவரைக்கும் எதையும் வெளிய வைக்கக் கூடாது."

"உங்கட புனிதருக்கு என்ர மனுசியோடை என்ன கோவம், மதாம்?"

"மனுசங்க மேல இல்ல. தக்காளி மேலதான் காட்டுவாங்க."

ஒரு நாள் வெயில், மறுநாள் கோட்டுப் போடும் குளிர். மாலையில் போர்வையால் மூடிக் காலையில் எடுத்தார். மே மூன்றில் நான்கு மொட்டுகளில் மஞ்சள் தெரிந்தது.

அன்று பகல் நல்ல வெயில். செடிகளைத் திறந்தபடி விட்டு, லா சப்பலுக்குத் திவசச் சாமான் வாங்கப் போனார். எள்ளும் தர்ப்பையும் வாங்கித் திரும்புவதற்குள் வானம் கறுத்து ஆலங்கட்டி கொட்டியது.

"உள்ளுக்கு வாங்கோ அண்ணை, மண்டை உடையப் போகுது." கடைக்காரர் கையைப் பிடித்தார். வரதராசா உதறிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தார்.

வெங்காயத்தாள் மடிந்து கிடந்தது. செவ்வந்தியில் தண்டுகூட மிஞ்சவில்லை. முழங்காலிட்டுச் சேற்றைத் துழாவினார். கிழிந்த இலைகள்தான் கையில் வந்தன.

மர்கரீத் அவருக்குக் குடை பிடித்தார். "விதை மீதி இருக்கா?"

"இல்லை. எல்லாத்தையும் போட்டிட்டன்."

வீட்டுக்கு வந்து விரல்களை முகர்ந்தார். செவ்வந்தி இலை வாசம்; தோட்டத்திலிருந்து வரும்போது அவள் கையில் இருக்கும் அதே வாசம். அன்று கரண்டியால் சாப்பிட்டார். மறுநாள் காலையில் குளிக்கும்போதும் வலக்கையில் சவர்க்காரம் படவிடவில்லை.

திவசத் தட்டில் கடைப் பூ இருந்தது. ஐயர் தர்ப்பையைப் பிரித்தார். "கையை வடிவாக் கழுவிக்கொண்டு வாங்கோ."

வரதராசா குழாயின் முன் நின்றார்.

"என்ன, தண்ணி வரேல்லையோ?"

"வருது," என்று வலக்கையைத் தண்ணீரில் நீட்டினார்.