விகில் பக்கத்துக் காந்தல்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஆல்ப்ஸ் மலைக்குள் இருக்கும் எங்கள் வின்ஷ்காவ் பள்ளத்தாக்கின் சுற்றுலா அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். கோடையில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வருகின்றனவாம். 'பாரம்பரிய உணவை எங்கே சாப்பிடலாம்' என்று தமிழில் ஒரு பக்கம் வேண்டுமாம். பள்ளத்தாக்கில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். போட்டியில்லாமல் ஜெயித்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'வெள்ளிப் பனி போர்த்திய ஆல்ப்ஸ் அன்னையின் மடியில் அமர்ந்து நீங்கள்

அதோடு நிறுத்திவிட்டேன். கோடையில் இங்கே பனி ஏது? தூசிதான். [அந்த வரியை அழிக்காமல் விட்டிருக்கிறேன். இன்னும் என்னென்ன புளுக இருந்தேன் என்று உங்களுக்கும் தெரியட்டும்.]

அடுத்த முயற்சி:

'பாரம்பரிய உணவுக்கு வால்புர்காவின் வீட்டை விட்டால் வேறு

இதையும் முடிக்கவில்லை. இது புளுகு இல்லை. ஆனால் முடித்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

2

வால்புர்கா சனிக்கிழமை மதியம் தன் பண்ணைவீட்டுச் சமையலறையை வெளியாட்களுக்குத் திறந்துவிடுவாள். ஒரே பதார்த்தம், மூஸ். பாலில் மாவைப் போட்டுக் கிளறி, இரும்பு வாணலியில் அடிபிடிக்க விட்டு, நடுவில் குழி செய்து உருக்கிய வெண்ணெய் ஊற்றுவது. நம் களிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாணலி அப்படியே மேசை நடுவில் வந்து உட்காரும். தட்டு கிடையாது, ஆளுக்கொரு கரண்டி. அவரவர் முன்னால் இருக்கும் பங்கை ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சாப்பிட வேண்டும். பக்கத்து ஆளின் பங்கில் கரண்டி நுழைந்தால் மரியாதைக் கேடு. எல்லாம் தீர்ந்தபின் அடியில் ஒட்டியிருக்கும் காந்தல்தான் விசேஷம். விருந்தாளி யாராவது இருந்தால் அவருக்கு மட்டும் எல்லைக் கோடு கிடையாது. எந்தப் பக்கத்துக் காந்தலையும் சுரண்டி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

(எச்சில் என்று நீங்கள் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை ரசம் நம் இலைக்கு ஓடி வருகிறதே, அதைவிட இது சுத்தம்.)

அந்த மேசையில் வாரம் தவறாமல் உட்காருகிறவர்கள் வால்புர்காவின் தம்பிகள், விகிலும் ரோமெட்டும். இருவரும் பேசிக்கொள்வதில்லை. எல்லாம் வாய்க்கால் தண்ணீர்த் தகராறுதான். தன் முறையன்று ரோமெட் மதகைத் திருப்பிவிட்டார் என்கிறார் விகில். அது என் முறைதான் என்கிறார் ரோமெட். அந்த வருஷம் விகிலின் ஆப்பிள் தோட்டம் காய்ந்தது. அன்றைக்கு விழுந்த ஊமைப்பூட்டு இன்னும் திறக்கவில்லை.

முகம் பார்க்காத இரண்டு பேர் எதற்காக ஒரே வாணலிக்கு வருகிறார்கள்? இந்தக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. 'ஏனென்றால் ரத்தபாசம்' என்று எழுதிப் பார்த்தேன். சீரியல் வசனம் மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன்.

3

விருந்தாளி வந்தால் அந்த மேசையே வேறு. ஒருமுறை பல் மருத்துவர் ஒருவர் விவரம் தெரியாமல் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

"அவர்கிட்ட கேளுங்க, பசு கன்னு போட்டுச்சான்னு," என்றார் ரோமெட்.

மருத்துவர் திரும்பி வாயைத் திறப்பதற்குள், "கெடேரி போட்டிருக்குன்னு சொல்லுங்க," என்றார் விகில்.

"தலை முதல்ல வந்துச்சா, காலான்னு கேளுங்க."

"கால்தான். ராவெல்லாம் ஒத்தை ஆளா இழுத்தேன்னு சொல்லுங்க."

"கூப்பிட்டிருந்தா ஒரு கை குடுத்திருப்போமேன்னு சொல்லுங்க."

விகில் கரண்டியைக் கவிழ்த்து வைத்தார். பாவம், மருத்துவர் கழுத்தைத் தடவிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

அடுத்த வாரம் ஆசையோடு நான் நடுவில் போய் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை கிடையாது. ரோமெட்தான் கடைசியில் சொன்னார்: "நீ விருந்தாளி இல்லம்மா. ஊர்க்காரி. உங்கிட்ட சொன்னா நாங்களே பேசிக்கிட்ட மாதிரி ஆயிடும்."

என் மகள் இந்த ஊரில் பிறந்து இப்போது கார் ஓட்டுகிறாள். ஊர்க்காரி என்று யாரும் என்னை இதற்கு முன் சொன்னதில்லை. அப்படி ஒரு சந்தோஷம், அதோடு அப்படி ஒரு எரிச்சல்.

4

அப்புறம் ஒரு சனிக்கிழமை புதுத் தம்பதி ஒன்று வந்து, தட்டு கிடைக்குமா என்று கேட்டது. வால்புர்கா இல்லை என்று சொல்லவில்லை.

"ஒருத்தருக்குத் தட்டு வெச்சா எல்லாருக்கும் தட்டுதான். எம் மேசையில ரெண்டு சட்டம் கெடையாது."

தட்டு கைக்கு வந்ததும் விகில் ஜன்னலோரம் போய்விட்டார். ரோமெட் அடுப்போரத்து பெஞ்சுக்கு. முதுகோடு முதுகாகச் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது ரோமெட் அக்காவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "தட்டுல தின்ன எனக்கு என் வீடு போதும். இன்னொரு வாட்டி தட்டு வெச்சா வரமாட்டேன்."

அவர் சொன்னால் செய்கிற ஆள். நம்மவர்களோ வந்து உட்கார்ந்ததும் தட்டுதான் கேட்பார்கள். அதனால்தான் என் பேனா நின்றது.

5

முதல் முடிவு: வால்புர்காவின் வீட்டைப் பற்றி எழுதாமல் விட்டுவிடுவது. இதை அவளிடமே சொன்னேன். அடுப்பிலிருந்து கரண்டியோடு திரும்பினாள்.

"ஏண்டி, எம் வீட்டுக்கு நீ யாரு பூட்டு போட? ஆளே வரலேன்னா இந்த ரெண்டு ஊமைங்களை வெச்சுக்கிட்டு நான் என்னடி பண்ணுவேன்?"

"வர்றவங்க தட்டு கேட்டா?"

"கேக்காதீங்கன்னு எழுதேன். எழுதத்தான தெரியும் உனக்கு?"

இரண்டாவது முடிவைக் கதையாகவே எழுதி, அவள் பாஷையில் வாசித்துக் காட்டினேன்:

'விகில் கரண்டியால் வெண்ணெய்க் குழியின் கரையை உடைத்தார். வெண்ணெய் ரோமெட்டின் பக்கம் வாய்க்காலாக ஓடியது. ரோமெட்டின் கண்கள்

அதற்குமேல் வாசிக்க விடவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"விகிலா? வெண்ணெயையா? செத்தாலும் விடமாட்டான்! கதை எழுதுறவளுக்குக் கண்ணு வேணாமா? வெண்ணெயை விடு. அவன் பக்கத்துக் காந்தலைப் பாரு."

6

பார்த்தேன்.

விருந்தாளி யாரும் வராத சனிக்கிழமை அது. விகில் தன் பங்கை வழித்துச் சாப்பிட்டார். வெண்ணெயில் ஒரு சொட்டு மிச்சமில்லை. ஆனால் காந்தலைத் தொடவில்லை. பொன்னிறத்தில், விரிசல்கூட விடாமல், அப்படியே விட்டுக் கரண்டியைக் கவிழ்த்தார். ரோமெட் தன் காந்தலை மொறுமொறுவென்று தின்றுவிட்டு, விகில் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கை எட்டும் தூரம்தான். கோடு தாண்டவில்லை.

அவர்கள் போனதும் வால்புர்கா அதைச் சுரண்டி எடுத்தாள்.

"சின்ன வயசுல ரோமெட்டுக்குக் காந்தல்னா உசிரு. இவன் வாரா வாரம் விட்டு வெக்கிறான். வாரா வாரம் கோழிக்குப் போவுது."

"வர்ற விருந்தாளி எடுத்துக் குடுக்கலாமே?"

"அவங்க கருகிப்போச்சுன்னு நெனச்சு விட்டுடறாங்க."

"நீங்க குடுத்தா என்னக்கா?"

"நான் குடுத்தா அது அக்கா குடுத்தது. விகில் குடுத்ததா ஆவுமா?"

காந்தலை ஜன்னல் வழியாக வீசினாள். கோழிகள் முற்றத்தில் அடித்துக்கொண்டன.

7

ஆகவே, பாரம்பரிய உணவை எங்கே சாப்பிடலாம்?

ஸ்டேஷனில் இறங்கி, ஆப்பிள் தோட்டங்களைத் தாண்டி, வாய்க்கால் கரையோடு மேலே நடங்கள். மதகுக்கு அடுத்து, கோழிகள் வழிமறிக்கிற வீடு. சனிக்கிழமை மதியம்.

மேசையின் ஒரு பக்கம் விகில் இருப்பார், எதிர்ப்பக்கம் ரோமெட். நடுவில் நாற்காலி காலியாக இருக்கும். அதில் நானே போய் உட்கார்ந்து முடிவை எழுதியிருப்பேன். என்னை ஊர்க்காரி ஆக்கிவிட்டார்கள், எனக்கு அந்த உரிமை இல்லை. உங்களுக்கு உண்டு. பாஷை தெரியாதே என்று தயங்க வேண்டாம். விகில் பக்கத்தில் சுரண்டி ரோமெட் பக்கத்தில் வைக்கப் பேச்சு எதற்கு? அவர் அதை வாயில் போடுவாரா, விகில் நிமிர்ந்து பார்ப்பாரா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

நீங்கள் உட்கார்ந்ததும் வால்புர்கா வருவாள். ஒரு கையில் தட்டு, மறு கையில் கரண்டி. இரண்டையும் தூக்கிக் காட்டி, எது வேண்டும் என்று புருவத்தால் கேட்பாள். தம்பிகள் இருவரும் மேசையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நீங்கள் கையை நீட்டுங்கள்.